முப்பத்தொன்றாம் எண் கஞ்சாச் செடியின் வாசனை

மொன்றியலுக்கு நான் வந்து சேர்ந்துவிட்டேன், என் பெட்டி வரவில்லை. விமான நிலையத்துப் பெண், "உங்கள் பெட்டி பாரிஸில் பத்திரமாக இருக்கிறது" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். பெட்டிக்குப் பாரிஸ் பார்க்கும் யோகம் இருந்திருக்கிறது, எனக்கு இல்லை. அக்டோபர் மாதம். பருத்திச் சேலையும், கோயம்புத்தூர்க் குளிருக்கு வாங்கிய ஒரு சால்வையுமாக வெளியே வந்தேன். கதவு திறந்ததும் காற்று என்னை விசாரித்த விதத்தில், அந்தச் சால்வையைப் போட்டிருப்பதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான் என்று புரிந்தது.

தங்கை கவிதா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அழுதாள். அழுதுகொண்டே, "என்னக்கா, இந்தத் துணியோட வந்திருக்கே, செத்துப்போயிருவே" என்று காருக்குள் தள்ளினாள். அவள் கணவர் ஜீவன்தான் காரை ஓட்டினார். மட்டக்களப்புக்காரர், விவசாயம் படித்தவர், அதிகம் பேசாதவர். "அக்கா, பெட்டி ரெண்டு நாளையில வந்திரும், யோசிக்காதீங்க" என்றார். பெட்டி என்னவோ வந்தது, நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள்.

நான் பயணம் வந்தது காய்கறி விதைக்காரர்களின் கூட்டம் ஒன்றுக்கு. என் பிழைப்பு கத்திரிக்காய். வேலூர்ப் பக்கம் முள் வேண்டும் என்பார்கள், எங்கள் ஊரில் பச்சையாக வேண்டும் என்பார்கள், இன்னோர் ஊரில் ஊதா நிறமில்லாவிட்டால் கத்திரிக்காய் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த எல்லா மாமியார்களுக்கும் பிடித்த மருமகளை உருவாக்குவது என் வேலை. ஜீவனுடைய வேலையும் அதுதான். என்ன, அவர் செடி வேறு. அவர் கஞ்சாச் செடியில் புதிய ரகம் உருவாக்குகிறார்.

இதை எங்கள் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை கனடாவில் மூலிகை ஆராய்ச்சி செய்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்பா தெருவெல்லாம் பெருமை பேசிவிட்டு, தன் மூட்டுவலிக்கு மாப்பிள்ளை கையால் ஒரு தைலம் வேண்டும் என்று ஃபோனில் கேட்டபடி இருக்கிறார். மாப்பிள்ளையும் ஒவ்வொரு முறையும் மருந்துக்கடைத் தைலம் ஒன்றை வாங்கி அனுப்பிவிடுகிறார். அப்பாவுக்கு அது நன்றாகக் கேட்கிறதாம்.

நகரத்தின் மேற்கு ஓரத்தில், கர்க்லாண்டில் அவர்கள் வீடு. உள்ளே நுழைந்ததும் கவிதா தன் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டாள். கதகதப்பாக இருந்தது. பசியோடு உட்கார்ந்தேன். சோறு, பூண்டு போடாத பருப்பு, தாளிக்காத கீரை, வேகவைத்த உருளைக்கிழங்கு. மட்டக்களப்புக்காரர் வீட்டில் மீன் இல்லை, கோயம்புத்தூர்க்காரி சமையலில் தாளிப்பு இல்லை. வீட்டில் யாருக்கோ அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"கொஞ்ச நாளா இப்படித்தான் அக்கா" என்றாள் கவிதா. "இவருக்கு வெள்ளிக்கிழமை மோந்து பாக்கற வேலை இருக்குது. மூக்கு சுத்தமா இருக்கோணுமாம். மீன் இல்லை, பூண்டு இல்லை, வெங்காயம் இல்லை. தலைக்குத் தேங்காயெண்ணெய் இல்லை. வாசனை சோப்பு இல்லை. எனக்கு மல்லிப்பூ சென்ட்டு கூட இல்லை. ரெண்டு மாசமாச்சு, கருவாட்டைக் கண்ணால பாத்து."

ஜீவன் சங்கடமாகச் சிரித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு விஷயத்தைச் சொன்னார்.

இங்கே பெரியவர்கள் கஞ்சா வாங்கலாம், அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. நம் ஊரில் அரசாங்கம் சாராயம் விற்கவில்லையா, அது மாதிரி. ஆனால் இந்த மாகாணத்தில் வீட்டுத் தொட்டியில் ஒரு செடி வைத்தாலும் குற்றம். வளர்ப்பதென்றால் அனுமதி பெற்ற இடத்தில்தான். அப்படி ஒரு சின்ன இடம் துறைமுகத்துப் பக்கம் இருக்கிறது, அதன் சொந்தக்காரி மிரேய் என்ற அம்மாள். ஜீவன் பல வருஷம் அதே துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். விவசாயம் படித்தவர் என்று தெரிந்ததும் மிரேய் அவரைக் கூப்பிட்டு, ஓர் அறையைக் கொடுத்து, "எனக்கென்று ஒரு ரகம் உண்டாக்கு" என்று சொல்லியிருக்கிறாள். கடைகளில் எலுமிச்சை வாசனையும் பெட்ரோல் வாசனையும்தான் நிறைந்து கிடக்கின்றனவாம். வேறு எதுவாவது வேண்டும்.

"வெள்ளிக்கிழமை மிரேய் முடிவெடுப்பா. கிராமத்தில பெரிசா பயிர் செய்யிற ஒருத்தரும் வாறார். அவங்களுக்கு ஒண்டும் பிடிக்கல்ல எண்டா அந்த அறையப் பூக் காயப்போடுற அறையா மாத்திருவாங்க. நான் திரும்பவும் லொறிக்குப் போகவேண்டியதுதான்" என்றார் ஜீவன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த இடுப்பு லாரியில் போனது என்று கவிதா பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை அவரோடு கிளம்பினேன். மொன்றியல் சாலைகளில் கார்களைவிட ஆரஞ்சு நிறக் கூம்புகள் அதிகம். எங்கு பார்த்தாலும் சாலை வேலை, எங்கும் வேலை செய்கிறவர்களைக் காணோம். நம் ஊராக இருந்தால் இந்நேரம் ஒவ்வொரு கூம்பையும் யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செடிக்குத் தொட்டியாக்கியிருப்பார்கள். கண்டெய்னர்கள் அடுக்கடுக்காகத் தெரிய ஆரம்பித்ததும் ஜீவன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பக்கத்தில் போன ஒரு லாரிக்காரர் கை காட்டினார், இவரும் காட்டினார். அவ்வளவுதான்.

உள்ளே போனால் மருத்துவமனை மாதிரி. அங்கி, தலைக்கு வலை, காலுக்கு உறை. கஞ்சாத் தோட்டம் என்றால் புகையும் பாட்டுமாக இருக்கும் என்று எதிர்பார்த்த எனக்குப் பெரிய ஏமாற்றம். வெள்ளை விளக்கின் கீழே செடிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் எண்.

"ரெண்டு நல்ல செடியச் சேர்த்து விதை எடுத்தன் அக்கா. ஒரே தாய் தகப்பன்தான். ஆனா பிள்ளையள் ஒண்டும் ஒண்டு மாதிரி இல்ல" என்றார்.

"எங்க வீட்டுல மட்டும் என்ன, நானும் கவிதாவும் ஒரே மாதிரியா இருக்கோம்?" என்றேன்.

முதல் வேலை ஆண்களைக் கண்டுபிடித்து வெளியே அனுப்புவது. கணுவில் சின்ன உருண்டை தெரிந்தால் ஆண். பெண் பூவுக்குத்தான் விலை, அதுவும் அது கன்னியாக இருக்கும்வரை. ஓர் ஆண் செடி கவனிக்காமல் பூத்துவிட்டால் அறை முழுக்க மகரந்தம் பறந்து, எல்லாப் பூவிலும் விதை பிடித்து, மொத்தமும் பாழ். "ஒரே ஒருத்தன் போதும், குடும்பத்தையே அழிக்க" என்றார் ஜீவன், மிகவும் சீரியஸாக. கத்திரியில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் குடித்தனம் நடத்துவார்கள், காலையில் போய் இடுக்கியால் ஆண் பாகத்தை நான்தான் பிடுங்கியெடுப்பேன். இருபது வருஷமாக இதைச் செய்கிற என்னைப் பார்த்து என் கணவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

அடுத்தது எனக்குப் பிடித்த பகுதி. பூத்த பிறகுதான் செடியின் குணம் தெரியும். ஆனால் பூ முற்றி வெட்டிவிட்டால் செடி போயிற்று. நல்ல செடி என்று தெரிந்துகொள்ளும்போது அது உயிரோடு இருக்காது. இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூக்கவிடும் முன்பே ஒவ்வொரு செடியிலும் ஒரு குச்சியை வெட்டி வேர்பிடிக்க வைத்து, தனி மேசையில், நீண்ட பகல் வெளிச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். இரவு குறைவாக இருந்தால் அது பூக்காது, வளர்ந்துகொண்டே இருக்கும். அக்கா பூத்து, காய்ந்து, ஜாடிக்குள் போய்விடுவாள். அதே எண்ணுள்ள இரட்டைத் தங்கை மேசையில் காத்திருப்பாள். அக்காவின் பூ பிடித்துவிட்டால் தங்கை தாய்ச்செடி ஆவாள், அவளிடமிருந்து ஆயிரக்கணக்கில் குச்சி வெட்டுவார்கள். பிடிக்காவிட்டால் தங்கையும் குப்பை உரத்துக்குப் போவாள்.

நெட்டையாக வளர்ந்து சாய்ந்தவை, வாட விட்டால் பயத்தில் ஆண் பூவும் சேர்த்துப் பூத்தவை, ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்தவை என்று ஒவ்வொன்றாகக் கழித்து நான்கே மிச்சம். ஆறு, பதினான்கு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று. மேசையில் நான்கு தங்கைகளும் நின்றன. என் கண் உடனே ஆறாம் எண்ணில் போய் நின்றது. குட்டையான, தடித்த, எதற்கும் அசராத செடி. கத்திரியாக இருந்தால் அன்றே நிச்சயம் செய்திருப்பேன்.

"ஆறுக்கு நோயே வராது அக்கா. ஆனா மணம் இல்ல. சப்பெண்டு இருக்கும்" என்றார் ஜீவன். பிறகு முப்பத்தொன்றின் இலையை விரல் நுனியால் தடவினார். "இதுதான். வாங்க, மணந்து பாருங்க."

முகர்ந்து பார்க்க ஒரு சின்ன அறை. அங்கி, வலையெல்லாம் கழற்றிவிட்டு, நம் உடையோடு உட்காரலாம். நான்கு கண்ணாடி ஜாடிகள். முறைப்படி எண் வரிசையில்தான் முகர வேண்டும். ஆறு புல்லுக்கட்டு மாதிரி இருந்தது. பதினான்கு எலுமிச்சைத் தோல். இருபத்தொன்பதைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பூண்டு மூட்டையைப் பெட்ரோல் பங்க்கில் வைத்து நசுக்கினால் வரும் நாற்றம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இனி முழங்கை மடிப்பில மூக்க வைங்க அக்கா" என்றார். "சட்டைக்கையில நல்லா ரெண்டு மூச்சு இழுங்க. எங்கட மணம் எங்களுக்குத் தெரியாதுதானே, அதால மூக்கு பழையபடி ஆகிரும். வாசனைத் திரவியம் செய்யிற ஆக்களும் இப்பிடித்தான் செய்வாங்க."

கவிதாவின் கம்பளிக்குள் மூக்கைப் புதைத்து இரண்டு மூச்சு இழுத்தேன். அவரும் தன் சட்டைக்கையில் இழுத்தார். பிறகு முப்பத்தொன்றைத் திறந்தார்.

எனக்குச் சிலிர்த்தது. மரவாசனைக்குப் பின்னால் மெல்ல, தூரத்தில், சாம்பிராணி. சந்தேகமே இல்லை. "தம்பி, சாம்பிராணிங்க!" என்று கத்தியேவிட்டேன்.

ஜீவனின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம்! ஓம் அக்கா! உங்களுக்கும் வருதா? நான் மட்டும்தான் மணக்கிறன் எண்டு பயந்துபோய் இருந்தன். மிரேய்க்குக் கிட்டக் கொண்டுபோனா, பைன் மரம் எண்டு சொல்றா. அவவுக்குச் சாம்பிராணி எங்க தெரியப்போகுது?"

மிரேய் அப்போதுதான் உள்ளே வந்தாள். அறுபது வயதிருக்கும், உயரம், ஆண்பிள்ளைச் சிரிப்பு. முப்பத்தொன்றை வாங்கி முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஜீவன் மொழிபெயர்த்தார். "எனக்கு இன்னும் பைன்தான் வருகிறது. ஆனால் ஜீவனின் மூக்கை நான் நம்புகிறேன். இப்போது இரண்டு தமிழ் மூக்குகள் சொல்கின்றன. நான் யார் மறுக்க?" மதியம் எங்களைப் பூத்தின் சாப்பிட அழைத்துப் போனாள். வறுத்த உருளைக்கிழங்கின் மேல் பால்கட்டித் துண்டுகளைப் போட்டு, கறிச்சாற்றைக் கொட்டுகிறார்கள். பால்கட்டி பல்லில் கீச்சென்று சத்தம் போட்டது. மழையில் நனைந்த பஜ்ஜியை யாரோ மன்னித்து ஏற்றுக்கொண்ட மாதிரி ஓர் உணவு, ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டேன். வீட்டில்தான் ஒன்றும் கிடைக்கவில்லையே.

மூன்றாம் நாள் என் கூட்டம். காய்கறி விதைக்காரர்கள் உலகமெங்கும் ஒரே மாதிரிதான் தூங்குகிறார்கள் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. முடிந்ததும் மெட்ரோவும் பஸ்ஸுமாகத் தனியாக வீடு திரும்பலாம் என்று துணிந்தேன். மாறவேண்டிய நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக ஏறினேன். கூட்டம் மஞ்சள் தடத்துக்குப் போகிற கூட்டமாக இருந்தது. அடுத்த நிலையம் வராமல் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஆற்றுக்கு அடியில் போகிறோம் என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் கத்தியிருப்பேன். லொங்குய்ய் என்று பலகை வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்தேன்.

எதிர் இருக்கையில் ஒரு மனிதர் வழியெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். தொப்பி, காலடியில் வேலைப் பை. இறங்கும்போது நான் முழிப்பதைப் பார்த்து ஆங்கிலத்தில் வழி சொன்னார். பிறகு தயங்கி, "தவறாக நினைக்காதீர்கள், நீங்கள் கன்னியாஸ்திரீயா?" என்றார்.

கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற உடம்பு. "இல்லையே, ஏன்?" என்றேன்.

"நான் சர்ச்சுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. வண்டியில் நீங்கள் வந்து உட்கார்ந்ததும் சர்ச் வாசனை வந்தது. தூபம் காட்டுவார்களே, அது. உங்கள் ஸ்வெட்டரிலிருந்து" என்றார். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நடைமேடையில் நின்று முழங்கை மடிப்பை முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஓடி, ஒரு தெப்பனருக்குள், அதாவது அவர்கள் ஊர் மூலைக்கடைக்குள் நுழைந்து, ஒரு காப்பி வாங்கினேன். ஸ்வெட்டரைக் கழற்றிக் காகிதப் பையில் போட்டு மூடிவிட்டு, காற்றில் நடுங்கிக்கொண்டே காப்பியைக் குடித்து முடித்தேன். பிறகு பையைத் திறந்து முகர்ந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பெரியகடை வீதியே பைக்குள் இருந்தது.

கவிதா செவ்வாயும் வெள்ளியும் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுகிறவள். புகை எச்சரிக்கை மணி அலறாமல் இருக்க, அதற்குக் குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டுப் போடுகிறவள். நம் ஊரில் அந்தப் புகை ஜன்னல் வழியே தெருவுக்குப் போய்விடும். இங்கே குளிருக்குப் பயந்து ஜன்னலே திறப்பதில்லை. புகை அலமாரிக்குள் போய், துணிக்குள் குடியிருக்கிறது. மீனை விலக்கினார்கள், பூண்டை விலக்கினார்கள், சோப்பை விலக்கினார்கள். சாம்பிராணியை விலக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை யார் வாசனை என்று நினைத்தார்கள்? அது சுத்தம். எனக்கும்தான் தோன்றவில்லை.

கணக்கு சரியாக இருந்தது. இருபத்தொன்பது நாறும், சட்டைக்கையில் மூக்கை வைப்பார்கள், அடுத்து வருவது முப்பத்தொன்று. மூக்கோடு ஒட்டி வந்த சாம்பிராணிதான் ஜாடியிலிருந்து வருவதாகப் பட்டிருக்கிறது. இரண்டு மாதமாக ஜீவன் முகர்ந்தது தன் சட்டையைத்தான். எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வந்தது. எங்கள் கம்பெனியில் கத்திரிக்காயை ருசி பார்க்கும்போது உப்பு மட்டும் போட்டு வேகவைப்போம். மசாலா போட்டால் எல்லாக் கத்திரிக்காயும் நல்ல கத்திரிக்காய்தான். இதை மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிற நான், நேற்று மசாலாவோடு தின்றுவிட்டுச் சான்றிதழ் வேறு கொடுத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய்க் கவிதாவிடம் முதலில் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக முகர்ந்தாள். "ஒண்ணும் வரலியே அக்கா, சுத்தமாத்தான இருக்குது" என்றாள். அதுதான் விஷயம் என்றேன். அவள் அலமாரியைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவருகிட்டச் சொல்லாதே. நாளைக்கு முப்பத்தொண்ணுன்னு சொல்லட்டும். அந்தம்மாவுக்குத்தான் இவர் மூக்கு மேல நம்பிக்கை இருக்குதல்ல? மறுபடியும் லாரிக்குப் போனா அவரு இடுப்பு தாங்காது அக்கா."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நான் நினைத்தது உண்மை. ஆனால் ஜீவன் உள்ளே நுழைந்து, "அக்கா, அந்தச் சாம்பிராணி மணத்த மிரேய்க்கு எப்பிடிப் பிரெஞ்சில விளங்கப்படுத்திறது எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தன்" என்று ஆசையாக ஆரம்பித்தார். எனக்குத் தாங்கவில்லை. காகிதப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். நான் லொங்குய்ய் கதையைச் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தன் சட்டைக்கையைப் பார்த்தார். கவிதா அழ ஆரம்பித்தாள். "நான் என்னத்தக் கண்டேன், நல்லதுன்னுதானுங்க போட்டேன்" என்றாள்.

"நீ ஏன் அழுறாய், புகை போட்டது பிழையா? மணக்கத் தெரியாதவன் நான்" என்றார் ஜீவன்.

"முப்பத்தொண்ணுன்னே சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"தெரிஞ்செடுத்தா அதில ஆயிரம் குச்சி வெட்டுவாங்க. ஒவ்வொரு குச்சிக்கும் என்ட சட்டையக் கட்டிவிட ஏலுமே?" என்றார். எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

அந்த வீட்டில் புகை ஏறாத துணி ஒன்றுகூட இல்லை. மூலைக்கடையில் சுற்றுலாப் பயணிகளுக்கான பனியன்தான் கிடைத்தது. சிவப்பு, நெஞ்சில் மேப்பிள் இலை. ஆளுக்கொன்று வாங்கி, பிரிக்காமல் காரிலேயே வைத்தோம். வெள்ளிக்கிழமை காலை அந்த முகரும் அறையில் நானும் என் தங்கை கணவரும் ஒரே மாதிரி பனியனில், கல்யாண வீட்டில் செண்டை அடிக்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். விருந்தினர் வரும் முன்பு ஜீவன் முப்பத்தொன்றைத் திறந்தார். முகர்ந்துவிட்டு என்னிடம் தந்தார். பைன் மரம். நல்ல வாசனைதான், ஆனால் பைன் மரம். கடைகளில் இது மாதிரி இருபது இருக்கும்.

கிராமத்திலிருந்து வந்தவர் பெயர் லுக். தாடி, மண் ஏறிய நகங்கள். மிரேய் உற்சாகமாகக் கைதட்டி உட்கார்ந்தாள். ஜீவன் உட்காரவில்லை. நின்றபடி பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, மிரேயின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு குறைந்தது, புருவம் ஏறியது. நடுவில் ஜீவன் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து தன் பழைய சட்டையை எடுத்து மேசையில் வைத்தார். நான் ஜாடிகளைப் பார்த்துக்கொண்டேன்.

மிரேய் சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள். பிறகு லுக்கிடம் கொடுத்தாள். அவரும் முகர்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், மிரேய் வெடித்துச் சிரித்தாள். ஜீவன் சிரிக்கவில்லை.

லுக் நான்கு ஜாடியையும் வரிசையாகத் திறந்தார். எதையும் அதிக நேரம் முகரவில்லை. ஆறாம் எண் பூவை மட்டும் கையில் எடுத்துப் பிளந்து, உள்ளே சின்னப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். ஜீவன் பதில் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். அப்புறம் ஜீவன் எனக்குச் சொன்ன தமிழ் இது: "போன இலையுதிர் காலத்து மழையில் என் வயலில் பாதி அழுகிப்போனது. வாசனையை வைத்து நான் என்ன செய்ய, அழுகாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும். இந்த ஆறில் எனக்குக் குச்சி எப்போது கிடைக்கும்?"

ஜீவன் நம்பாமல் இரண்டாம் முறை கேட்டார். கிடைக்கும் தேதியை மிரேயே சொன்னாள். அறை இருக்கும், ஜீவனும் இருப்பார். ஆறுதான் தாய். அடுத்த சுற்றில் ஆறுக்கு வாசனையுள்ள ஒரு மாப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னாள். எந்த வாசனை என்று கேட்டதற்கு, காலி ஜாடி ஒன்றை எடுத்து, ஜீவனின் சட்டையை உள்ளே திணித்து மூடியைத் திருகினாள். "இது வேண்டும். இப்போது எனக்கும் தெரியும்" என்றாள். அது கவிதா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டை. திருப்பிக் கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

வெளியே வந்து கவிதாவுக்கு ஃபோன் செய்தார். மறுமுனையில் அவள் போட்ட கூச்சல் எனக்கும் கேட்டது. "மீன் வாங்கி வாங்க, நிறைய வாங்குங்க" என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

போகும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. மேசை ஆறுக்கு வேண்டும், மற்ற மூன்றையும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். வேறு யாரையாவது செய்யச் சொல்லலாம் என்று மிரேய் சொன்னாள். ஜீவன் தானே செய்வதாகச் சொன்னார். மறுபடி அங்கி, வலை, காலுக்கு உறை. பதினான்கைப் பிடுங்கி உரக் கூடையில் போட்டார். இருபத்தொன்பதைப் பிடுங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், நானும்தான். முப்பத்தொன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கையகல இலைகளோடு அது நன்றாகத்தான் வளர்ந்திருந்தது.

"இது ஒரு பிழையும் செய்யல்ல அக்கா. இல்லாத ஒண்ட நான்தான் இதில தேடினன்" என்றார்.

தொட்டியைச் சாய்த்து வேரோடு எடுத்தார். மண்ணைத் தட்டினார். கூடைக்குள் போடப் போனவர், ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். இந்த முறை முழங்கையில் மூக்கை வைக்கவில்லை. கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தார்.

"என்ன வருதுங்க?" என்று கேட்டேன்.

"இதின்ட மணம்தான். இண்டைக்குத்தான் முதல் தரம் மணக்கிறன்" என்றார். இலையைச் சட்டைப்பையில் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அதையும் கூடையிலேயே போட்டார்.